தவலையில் வெட்டிய பேர்

வெள்ளம் வடிந்த வீட்டைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சேற்று வாடை. கொஞ்சம் நின்றால் அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு வாடை வரும். நனைந்த சுண்ணாம்பும் பழைய மரமும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி இறங்கிய பிறகு, ஆள் இல்லாமல் பூட்டிக்கிடந்த எங்கள் பூர்வீக வீட்டுக்குப் போனபோது இரண்டும் சேர்ந்து முகத்தில் அடித்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அங்கிருந்து எங்கள் ஊர் ரொம்ப தூரமில்லை. தென்திருப்பேரை. ஆழ்வார்திருநகரிக்கும் குரும்பூருக்கும் நடுவில், திருச்செந்தூர் போகிற சாலையில் இருக்கிறது.

சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் போயிற்று. பரணில் கிடந்தவை தப்பித்தன. என் தங்கச்சி மகன் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் கீழே நின்று வாங்கி வைத்தேன். அரிவாள்மணை, உடைந்த பல்லாங்குழிக் கட்டை, ஒரு கை இல்லாத மரப்பாச்சி. கடைசியில் ஒரு பித்தளைத் தவலை வந்தது. களிம்பேறிக் கறுத்திருந்தது. முற்றத்தில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தோம். கழுத்தைச் சுற்றிலும் எழுத்து தெரிந்தது. மருமகன் தவலையைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, இது உங்க பேருல்லா?"

"என் பேருதான். ஆனா எனக்காக வெட்டினது இல்ல."

மகரநெடுங்குழைக்காதன். என் தாத்தாவின் பேர். அவருக்கும் அவருடைய தாத்தா வழியாக வந்தது.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது இப்போது குறைந்துபோய்விட்டது. வெட்டினாலும் மின்சாரப் பேனா மாதிரி ஒன்றை வைத்து ஒரு நிமிஷத்தில் கிறுக்கித் தந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் சின்ன உளியும் சுத்தியலும்தான். புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தை உருவாக்க வேண்டும். கூலி எழுத்துக் கணக்கு. தாத்தா இந்தத் தவலையை வாங்கியது அணாக் காலத்தில், எழுத்துக்கு ஓரணா. பன்னிரண்டு எழுத்துப் பேருக்குப் பன்னிரண்டு அணா கேட்டிருக்கிறார் பேர் வெட்டுகிறவர். தாத்தா விடவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு படித்த மனுஷர்.

"ங், க், ன் மூணும் ஒற்று. ஒற்றுக்கு அரை மாத்திரைதான். அரை மாத்திரைக்கு முழுக் காசு கேக்கியே, இது எந்த ஊர் நியாயம்?"

கடைசியில் பத்தரை அணாவுக்குப் படிந்ததாம். வெட்டுகிறவரும் லேசுப்பட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் "குழை"க்கும் "காதன்"க்கும் நடுவில் இருக்கவேண்டிய "க்" இல்லை! தாத்தா அதே வெயிலில் தவலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போய்ப் போட வைத்தார். இடம் இல்லாததால் அந்த ஒரு எழுத்து மட்டும் பொடியாக, வரிக்கு மேலே, கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும். மருமகனிடம் அதைத்தான் முதலில் விரலால் தடவிக் காட்டினேன்.

அந்த ஒற்று இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா இதை வைத்து ஒரு பீரியட் முழுக்க நடத்தினார். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் என் பேரை வாசித்தபோதே பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஐயா, சோறு குழைக்காதன்!" வகுப்பே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். அப்புறம் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். மகரம் என்றால் சுறாமீன். குழை என்றால் காதில் போடும் அணி. சுறாமீன் வடிவத்தில் செய்த நீண்ட குழையை உடைய காதன். "குழையை உடைய காது" என்பதில் "ஐ"யும் "உடைய"வும் தொக்கி நிற்கின்றன, அதனால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அங்கே வல்லினம் மிகும். சோற்றுக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை. இவ்வளவு விளக்கம் சொன்ன பிறகும் பயல்கள் என்னைக் "கொழ" என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றும் இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தொலைபேசியில் "கொழ" என்று கேட்டால் வயது ஐம்பது குறைந்துவிடும்.

பேர் எங்கிருந்து வந்தது என்று ஊருக்குள் யாரும் கேட்கமாட்டார்கள். கோயிலில் இருக்கிற பெருமாளுக்கு அதுதான் பேர். பூமாதேவி இந்த ஆற்றங்கரையில் தவம் இருந்தாளாம். ஆற்றில் முழுகி எழுந்தபோது மீன் வடிவத்தில் இரண்டு குழைகள் கைக்கு வந்தனவாம். அதைக் கொண்டுபோய்ப் பெருமாளுக்குச் சாத்தினாள், அவரும் போட்டுக்கொண்டார். தாயார் பேரும் குழைக்காதுவல்லிதான். திருச்சிப் பக்கம் கோவிலடியில் ஒரு திருப்பேர் இருப்பதால் இது தென்திருப்பேர் ஆனது. நம்மாழ்வார் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். வேதம் ஓதுகிற சத்தமும் திருவிழாச் சத்தமும் பிள்ளைகள் கூட்டமாக விளையாடுகிற சத்தமும் ஓயாத ஊர் என்கிறார். பெருமாளுக்கு அந்த விளையாட்டைப் பார்க்க ஆசை வந்து, எதிரே நின்ற கருடனைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னாராம். இங்கே கருடன் நேர் எதிரே இருக்கமாட்டார், ஒதுங்கித்தான் இருப்பார். நந்தி விலகிய கதை எல்லாருக்கும் தெரியும். கருடன் விலகிய கதையை எங்கள் பக்கத்தார்தான் சொல்வார்கள்.

கோயிலில் இன்னொன்றும் உண்டு, சின்னப் பிள்ளைகளாக நாங்கள் போனால் அதைத்தான் முதலில் அண்ணாந்து பார்ப்போம். கொம்பு முளைத்த தேங்காய். வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் வழியில் தோப்பைப் பார்த்து இளநீர் கேட்டாராம். இது பெருமாளுக்கு உள்ளது, தரமுடியாது என்று காவல்காரர் சொல்ல, "உங்கள் பெருமாள் தேங்காய்க்குக் கொம்பா முளைத்திருக்கிறது?" என்று எகிறினாராம். பறித்துப் பார்த்தால் முளைத்திருந்தது. எங்கள் வீட்டில் யாராவது வீம்பு பண்ணினால் "என்னலே, பேரைத் தேங்காயா நீ?" என்பார்கள்.

பேரை என்றால் எங்கள் ஊர். திருப்பேரையின் சுருக்கம். இதனால் வெளியூரில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்த புதிதில் விடுதிக் காப்பாளர் கேட்டார், "எந்த ஊருப்பா?"

"பேரை."

"பேரைக் கேக்கல, ஊரைக் கேட்டேன்."

"ஊருதான் சார், பேரை."

"சரி, பேரைச் சொல்லு."

பேரைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் இதெல்லாம் அதிசயப் பேர் இல்லை. நவதிருப்பதி என்று தாமிரபரணியின் இரு கரையிலும் ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு பெருமாளுக்கும் ஒரு தமிழ்ப் பேர், ஒவ்வொன்றும் ஒரு கதை. ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான். திருடன் ஒருவன் கும்பிட்டுவிட்டுத் திருடப் போவானாம், மாட்டிக்கொண்டபோது அவனுக்காக அவன் வேஷத்திலேயே அரசன் முன்னால் போய் நின்றவர். திருக்கோளூரில் வைத்தமாநிதி. குபேரன் தொலைத்த செல்வத்தைக் காத்து வைத்தவர், மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். பெருங்குளத்தில் மாயக்கூத்தன். இரட்டைத் திருப்பதியில் தேவர்பிரான். எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை வாசித்தால் நவதிருப்பதியை ஒரு சுற்று சுற்றி வந்த மாதிரி இருக்கும். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்த கதையிலும் தேவர்பிரான் கவிராயர் என்று ஒருவர் வருவார். எங்கள் பெருமாளின் பாமாலையையும் ஐயர் பதிப்பித்திருக்கிறார். தென்திருப்பேரைக்காரரான நாராயண தீட்சிதர் பாடியது. வரிப்பாக்கிக்காகச் சிறையில் கிடந்தபோது பாடினார், பாடி விடுதலையானார் என்பார்கள். தாத்தாவுக்கு அதில் பாதி மனப்பாடம். கிஸ்தி கட்டுகிற மாசத்தில் கொஞ்சம் உரக்கவே சொல்வார்.

இவ்வளவு ஊர்ப் பெருமை உள்ள பேரை எங்கள் வீட்டில் பாதிப் பேர் சொன்னதே இல்லை. சொல்லக்கூடாது.

ஆச்சிக்கு அது புருஷன் பேர். அம்மாவுக்கு மாமனார் பேர். ஆச்சி முழுப் பேரைத்தான் சொல்லமாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பேருக்குள் இருக்கிற துண்டுகளையும் சொல்லமாட்டாள். காது என்று ஒரு நாளும் சொன்னதில்லை, செவிதான். "செவி ரெண்டும் அடைக்கிடி" என்பாள். சோறு குழைந்தால் "களியாப் போச்சு" என்பாள். கோயிலுக்குப் போனால் "பேரைப் பெருமாளே" என்று கூப்பிடுவாள். ஊர்ப் பேரைச் சொல்லித்தான் சாமியையே கும்பிட வேண்டியிருந்தது அவளுக்கு.

ஒரு மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. வாக்காளர் பட்டியல் எழுத ஒருவர் குடையும் நோட்டுமாக வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தாத்தா கடம்பாகுளத்துப் பக்கம் வயலுக்குப் போயிருந்தார். அப்பா பள்ளிக்கூடத்தில். நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

ஆச்சி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசாமல் இருந்தாள். அவர் மறுபடி கேட்டார். ஆச்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அவளும் சொல்லமுடியாதே. என்னைக் கேட்டிருக்கலாம், தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. ஆச்சி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தளும்பத் தளும்பத் தவலையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"வாசிச்சுக்கிடுங்க."

அவர் தவலையைச் சுற்றி உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். மேலே இருந்த பொடி "க்"கையும் விடாமல். 1951-52இல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, வடக்கே பெண்கள் தங்கள் சொந்தப் பேரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே சொன்னதால் ஏறத்தாழ 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது என்று பிற்காலத்தில் படித்தேன். ஆச்சி தன் பேரைக் கணீரென்று சொல்லிவிடுவாள். தாத்தா பேருக்குத்தான் தவலை வேண்டும்.

அப்படி ஒரு வீட்டில் நான் பிறந்தேன், தாத்தா பேரே எனக்கும் வைத்தார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அத்தை மட்டும் ரவி, சேகர் என்று ஏதாவது வைக்கலாமே என்றாளாம். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், "எங்கய்யா பேரு என்னோட நிக்கக்கூடாது." வைத்தாயிற்று, யார் கூப்பிடுவது? ஆச்சி கூப்பிடமாட்டாள், அம்மா கூப்பிடமாட்டாள். அப்பாவுக்கும் தன் தகப்பன் பேரைச் சொல்லி ஒரு பயலை அதட்ட வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அப்பாக்கள் "ஏலே" என்று மிரட்டும்போது என் அப்பா "ஐயா, இங்க வா" என்பார். அடிக்கக் கை ஓங்கினால்கூட, "ஐயாவா இப்பிடிச் செய்யது?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். ஆகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை எனக்கு என் பேர் ஐயா என்றுதான் நினைப்பு. முழுப் பேரையும் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் வீட்டில் ஒரே ஒருத்தர், தாத்தா. தன் பேரைத் தானே கூப்பிடுவதில் அவருக்கு ஒரு குஷி. "மகரநெடுங்குழைக்காதா!" என்று தெருமுனையிலிருந்து குரல் கொடுப்பார். "கா"வில் ஏறி "தா"வில் இறங்கும். நான் ஓடிப்போய் நிற்பேன். "ஒண்ணுமில்ல, சும்மா கூப்பிட்டேன்" என்பார்.

அவர் காதில் சிவப்புக்கல் கடுக்கன் இருந்தது. வெயிலில் நடந்து வந்தால் கன்னத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஆடும். இந்தப் பேர் உள்ளவன் மூளிக்காதாக இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எனக்கும் குத்தினார்கள். மொட்டைத்தலையில் சந்தனம், வாய் நிறைய வெல்லம், அலறல். ஒன்பதாம் வகுப்பு வரை தோடு போட்டிருந்தேன். ஒரு நாள் பயல்களின் கேலி பொறுக்காமல் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். தாத்தா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் தெருமுனையிலிருந்து குரலும் வரவில்லை. துளை தூர்ந்துபோய் இப்போது தடவினால் ஒரு கடுகளவு முடிச்சு மட்டும் தட்டுப்படுகிறது. சென்னையில் பேருந்தில் ஒற்றைக் காதில் கம்மலோடு பையன்கள் ஏறும்போது கை தானாக அங்கே போகும்.

சென்னை என் பேரைச் சின்னாபின்னம் செய்தது. அலுவலகத்தில் முதல் வாரம் மகரநெடுங்குழைக்காதன், இரண்டாம் வாரம் மகரன், மாசக் கடைசியில் மிஸ்டர் மகரா. "மகர ராசியா சார்?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் சிம்ம ராசி. ஆங்கிலத்தில் எழுதினால் இருபத்துமூன்று எழுத்து. விண்ணப்பப் படிவங்களில் எழுத்துக்கு ஒரு கட்டம் அடித்து வைத்திருப்பார்கள். எனக்குக் கட்டம் தீர்ந்துபோகும், பேர் தீராது. ஒரு தேர்வின் நுழைவுச் சீட்டு "மகரநெடுங்கு" என்று வந்தது. இன்னொரு அட்டையில் பேர் இரண்டாக வெட்டுப்பட்டு, மகரன் என்பது என் பேராகவும் நெடுங்குழைக்காதன் என்பது குடும்பப் பேராகவும் ஆகிவிட்டது. திருத்தச் சொல்லி எழுதிப்போட்டேன். திருத்தி வந்த அட்டையில் "க்" இல்லை. தாத்தாவாக இருந்தால் அந்த வெயிலிலேயே கிளம்பிப் போயிருப்பார். நான் போகவில்லை.

இந்த முறை வீட்டைக் கழுவி முடித்த மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். அர்ச்சகர் இளைஞர், வேறு ஊர்க்காரர் போலிருக்கிறது. தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"பேரு?"

"மகரநெடுங்குழைக்காதன்."

"அது சுவாமி திருநாமம். அவருக்குத்தானே பண்ணப்போறேன். உங்க பேரைச் சொல்லுங்கோ."

"அதேதான் சாமி."

அவர் ஒரு தடவை உள்ளே பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். "இந்தப் பேர்ல இப்பதான் ஒருத்தரை நேர்ல பாக்கறேன்" என்றார். இந்த ஊரில், இந்தச் சந்நிதியில் வைத்து! எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. ஒரு காலத்தில் தாத்தா தெருமுனையில் நின்று கூப்பிட்டால் மூன்று வீட்டிலிருந்து "என்ன?" என்று பதில் வந்த பேர் இது.

பெங்களூரில் இருக்கிற என் மகன் தன் பிள்ளைக்கு இரண்டெழுத்தில் ஒரு பேர் வைத்திருக்கிறான். கைப்பேசியில் தேடி எடுத்ததாம். எந்தக் கட்டத்திலும் அடங்கும். எந்த நாட்டுக்காரனுக்கும் வாயில் நுழையும். மருமகள் என் எதிரே நாள் முழுக்க அந்தப் பேரைச் சொல்லி வாய் நிறையக் கூப்பிடுகிறாள், அது நன்றாகத்தான் இருக்கிறது. என் அம்மாவுக்குக் கிடைக்காத வசதி. எங்கப்பா மாதிரி என் மகனும் அடம் பிடித்திருக்கலாமே என்று ஒரு ராத்திரி தோன்றியது. விடிந்ததும் தோன்றவில்லை.

தவலையை எடைக்குக் கேட்டுப் பழைய பாத்திரக்காரர் இரண்டு முறை வந்துவிட்டார். பித்தளைக்கு நல்ல விலையாம். பேர் வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, உருக்குவதுதானே என்றார். கொடுக்கவில்லை. அது இப்போது என் சென்னை வீட்டு ஹாலில் மூலையில் இருக்கிறது. வருகிறவர்கள் குடை வைக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, முப்பது வயதுக்குக் கீழே இந்தப் பேரோடு ஒரு பையனைத் தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள். பேரை முழுசாக எழுதுங்கள், கார்டில் கட்டம் கிடையாது. அந்த "க்"கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.